நம் கார்களில் இருக்கும் காலி இருக்கைகள்

(மாணவர்கள் உருவாக்கியிருக்கும் கார் பகிர்வுச் செயலியை நம் குடியிருப்பில் மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாமா என்ற தீர்மானத்தின் மீது, சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் எனக்கு 20 நிமிஷம் கொடுத்திருக்கிறார். போர்வெல் மோட்டார், மொட்டைமாடி ஒழுகல், பராமரிப்புக் கட்டண பாக்கி எல்லாம் பேசி முடித்துக் களைத்துப் போயிருக்கிறீர்கள். பின்னால் டீயும் போண்டாவும் ஆறிக்கொண்டிருக்கின்றன. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் பணி ஓய்வு பெறும்வரை நாமக்கல்லில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் இந்தக் குடியிருப்பிலிருந்து தினமும் காரில்தான் போனேன். காலை எட்டு மணிக்கு நம் கேட்டைத் தாண்டினால் சீலநாயக்கன்பட்டி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், நாமக்கல். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவேன். ஒன்பது வருஷமும் காரில் நான் ஒருவன்தான். பக்கத்து இருக்கையில் என் டிபன் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் லிஃப்டில் பி பிளாக்கில் இருக்கும் அம்மா ஒருவரைப் பார்த்தேன். "பொண்ணு வேலைக்குப் போறாளே, எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "வேலையை விட்டுட்டாங்கண்ணா, நாலு மாசமாச்சு" என்றார். ராசிபுரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. படிப்புக்கேற்ற வேலை, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் இங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வண்டி, அங்கிருந்து ராசிபுரத்துக்கு பஸ், இறங்கியபின் ஷேர் ஆட்டோ. சாயங்காலம் அத்தனையும் திரும்பவும். வீடு வந்து சேரும்போது மணி எட்டைத் தாண்டிவிடும். ஐந்து மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, முடியாமல் விட்டுவிட்டாள்.

நான் மூன்றாம் மாடியில் இறங்கி என் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஐந்து மாதமும் அவள் கிளம்பிய அதே நேரத்தில், அதே கேட் வழியாக, மூன்று காலி இருக்கைகளோடு நான் ஆண்டகளூர் கேட்டைக் கடந்துகொண்டிருந்தேன். அங்கே இறக்கிவிட்டிருந்தால் ராசிபுரத்துக்கு அவளுக்குப் பத்து நிமிஷம். அவளுக்கு நான் போவது தெரியாது. எனக்கு அவள் போவது தெரியாது. எங்களுக்கு நடுவில் இருந்தது இரண்டு சுவரும் ஒரு பார்க்கிங்கும்தான்.

இந்தத் தீர்மானத்தை நான் ஏன் ஆதரிக்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம். பெட்ரோல், புகை, நெரிசல் எல்லாம் அப்புறம்.

நாமக்கல்லில் வேலை பார்த்தவன் லாரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த ஊர்க்காரர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. சரக்கு இறக்கிய லாரியை அவர்கள் காலியாகத் திருப்ப மாட்டார்கள். லோடு இறக்கிய ஊரிலேயே புக்கிங் ஆபீஸுக்குப் போய், ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை ஒரு நாள், இரண்டு நாள் கூடக் காத்திருப்பார்கள். காலி வண்டி ஓடினால் டீசல், டோல், டயர் தேய்மானம் எல்லாம் கைக்காசு என்று அவர்களுக்குத் தெரியும். புக்கிங் ஆபீஸ் என்பது என்ன? இடம் இருக்கிற வண்டியையும் போக வேண்டிய சரக்கையும் சேர்த்து வைக்கிற ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு போன். நம் மாணவர்கள் செய்திருப்பது அந்த மேசையைத்தான். நோட்டுக்குப் பதில் செல்போன். சரக்குக்குப் பதில் நாம்.

இனி அந்த மாணவர்களைப் பற்றி. மூன்று பேரும் பொறியியல் இறுதியாண்டு. அதில் ஒரு பிள்ளை நம் சி பிளாக்கிலேயே இருப்பவன். கல்லூரியின் இன்குபேஷன் சென்டர் வழியாக அவர்களுக்கு ஒரு சிறு மானியம் கிடைத்திருக்கிறது. மானியம் என்றதும் உங்களில் சிலர், "அரசாங்கப் பணத்தை வாங்கி விளையாடுகிறார்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தீர்கள். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அதற்கு ஒரு விளக்கம்.

தமிழ்நாட்டில் இப்போது இதற்கெல்லாம் முறையான வழிகள் உண்டு. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் புதுமை வவுச்சர் என்ற திட்டத்தில், யோசனையைச் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரையும் அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையும் கொடுக்கிறது. ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் திட்டத்தில் விதை நிதியாக 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விண்ணப்பம், நேர்காணல், செலவுக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது.

ஆனால் இந்தப் பணம் எதை வாங்கித் தரும், எதை வாங்கித் தராது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வர் வாடகை கட்டலாம். வரைபடச் சேவைக்குக் கட்டணம் கட்டலாம். ஆறு மாதம் வேறு வேலை தேடாமல் இதிலேயே உட்காரலாம். ஆனால் எட்டு மணிக்கு நாமக்கல் போகிற நான்கு பேர் ஒருவருக்கொருவர் "நீங்க ஏறுங்க" என்று சொல்வதை எந்த மானியமும் வாங்கித் தராது. அதை நாம்தான் தர வேண்டும். பிள்ளைகள் நம்மிடம் கேட்க வந்திருப்பது பணமே இல்லை. நம் ஆட்களைக் கேட்கிறார்கள்.

இது புதிதாகத் தோன்றலாம். அமெரிக்காவில் இதே வழியில் போனவர்களின் கதை ஒன்றைச் சொல்கிறேன். நமக்குத் தேவையான பாடமும் எச்சரிக்கையும் அதில் இருக்கின்றன.

லோகன் கிரீன் என்று ஓர் இளைஞர். கலிஃபோர்னியாவில் படித்தவர். ஜிம்பாப்வேக்குப் போயிருந்தபோது, அங்கே மக்கள் சின்ன வேன்களில் நெருக்கி உட்கார்ந்து, செலவைப் பகிர்ந்து போவதைப் பார்த்தார். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். வசதி குறைந்த நாட்டில் ஒரு இருக்கை கூடக் காலியாக ஓடவில்லை, தன் நாட்டிலோ கார்கள் ஒற்றை ஆளோடு ஓடுகின்றன என்று அவருக்குப் பட்டது. ஊர் திரும்பி 2007-ல் ஜிம்ரைட் என்ற சேவையைத் தொடங்கினார். ஜான் ஜிம்மர் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து ஒரு வங்கியில் வேலையில் இருந்தவர். ஜிம்மர் பெயரிலிருந்து ஜிம்ரைட் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஜிம்பாப்வேயிலிருந்து வந்த பெயர்.

அவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். நியூயார்க் நகரம் முழுக்கத் தொடங்கவில்லை. கார்னெல் என்ற ஒரே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கினார்கள். தவளை வேஷம் போட்டுக்கொண்டு வளாகத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். (நம் பிள்ளைகளும் தவளை வேஷம் போடத் தயார் என்கிறார்கள். அதற்குத் தனித் தீர்மானம் வேண்டும்.) ஆறு மாதத்தில் வளாகத்தில் ஐந்தில் ஒருவர் பதிவு செய்துவிட்டதாகச் சொல்வார்கள். காரணம் எளிது. எல்லோரும் ஒரே கல்லூரி. ஏறுகிறவர் யார், எந்தத் துறை, எந்த வருஷம் என்று தெரியும். அந்நியர் என்ற பயம் பாதி அங்கேயே போய்விடுகிறது.

2008-ல் ஃபேஸ்புக் தன் தளத்தில் செயலி செய்பவர்களுக்காக வைத்திருந்த நிதியிலிருந்து இரண்டரை லட்சம் டாலர் கிடைத்தது. பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்கு மட்டுமான தனி வலைப்பின்னலை அவர்களிடம் விலைக்கு வாங்கின. ஏறுகிறவரிடம் லாபம் பார்க்காமல், இடத்தை நடத்துகிறவரிடம் கட்டணம் வாங்குகிற முறை அது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்ததுதான் எச்சரிக்கை. ஜிம்ரைட் பெரும்பாலும் ஊருக்கு ஊர் போகும் நீண்ட பயணங்களுக்கு. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஆள் தேடுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். தினமும் பயன்படுகிற ஒன்றைத் தேடி, 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லிஃப்ட் என்ற புதிய சேவையை விட்டார்கள். ஓட்டுகிறவர் தன் வேலைக்குப் போகிற வழியில் யாரையும் ஏற்றவில்லை. ஏற்றுவதையே வேலையாகச் செய்தார். தொடக்கத்தில் ஏறியவர் கொடுப்பதற்கு "நன்கொடை" என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிகாரிகள் விடவில்லை. கலிஃபோர்னியாவில் 2013-ல் இவற்றுக்கென்றே தனி விதிகள் வந்தன. அதே வருஷம் ஜிம்ரைட்டை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, முழுக்க வாடகைக் கார் தொழிலுக்குப் போனார்கள். காலி இருக்கையை நிரப்புவதில் தொடங்கிய பயணம், ஓட்டுகிறவருக்குக் கூலி கொடுக்கிற தொழிலில் முடிந்தது. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு.

"அந்நியர்கள்கூடச் சேர்ந்து போகிற ஊர் இருக்கிறதே" என்று மருத்துவர் ஐயா போன கூட்டத்தில் கேட்டார். இருக்கிறது. வாஷிங்டன் அருகே 1970-களிலிருந்து காலையில் சில இடங்களில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். காரில் வருபவர் நிறுத்தி இருவரை ஏற்றிக்கொண்டு போவார். செயலி கிடையாது, பணமும் கிடையாது. எப்படி நடக்கிறது? மூன்று பேர் இருக்கிற காருக்குத்தான் நெடுஞ்சாலையில் வேகமான தனிப் பாதை. ஓட்டுகிறவருக்கு நேரம் மிச்சம், ஏறுகிறவருக்குக் காசு மிச்சம். நம் ஐந்து ரோட்டில் இரண்டு அடுக்கு மேம்பாலம் 2020-ல் வந்துவிட்டது. ஆனால் மூன்று பேர் போனால் முந்தலாம் என்ற பாதை எதுவும் அதில் இல்லை. அந்த ஆசையைக் காட்டி இங்கே யாரையும் கூப்பிட முடியாது. நம்மிடம் இருப்பது ஒரே கேட், ஒரே செக்யூரிட்டி, ஒரே பொங்கல் விழா. கார்னெல் வளாகத்துக்கு இருந்த அதே வசதி.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் மாட்டிக்கொள்வது காரின் சொந்தக்காரர்.

நம்முடையவை எல்லாம் ஓன் போர்டு வண்டிகள். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி, பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 2023-ல் பெங்களூரில் இந்தப் பிரச்சினை வெடித்தது. கார் பகிர்வுச் செயலிகள் வழியாக ஓன் போர்டு வண்டிகளில் பணம் வாங்கி ஆள் ஏற்றுகிறார்கள் என்று டாக்சிக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது சட்டவிரோதம் என்று கர்நாடகப் போக்குவரத்துத் துறை சொன்னது. தினமும் ஆபீஸுக்குச் சேர்ந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குழம்பிப் போனார்கள்.

டாக்சிக்காரர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. அவர்கள் டி போர்டுக்கு வரி, பர்மிட், தகுதிச் சான்று, கூடுதல் இன்சூரன்ஸ் எல்லாம் கட்டுகிறார்கள். நம் கேட்டுக்கு எதிரே ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வருகிறவர்கள். அவர்கள் பிழைப்பில் கை வைக்கிற மாதிரி எதுவும் இங்கே நடக்கக் கூடாது.

ஒன்றிய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் சொந்தக் காரில் பகிர்ந்து போவதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். மாநிலம் தடுக்காத வரை நகரத்துக்குள் ஒரு நாளைக்கு நான்கு பயணம், ஊருக்கு ஊர் வாரத்துக்கு இரண்டு பயணம் என்று வரம்பு. பெண்கள் விரும்பினால் பெண்களோடு மட்டும் பகிரும் வசதி தர வேண்டும் என்றும் அதில் உண்டு. 2025 ஜூலையில் அந்த நெறிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் கையில். ஆகவே "நெட்டில் போட்டிருக்கிறது" என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். மாணவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கட்டும். எழுத்து மூலம் பதில் வரட்டும்.

நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில் 2015-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சொந்தக் காரில் ஒரு நாளைக்கு இரண்டு பகிர்வுப் பயணம் வரை போகலாம். செலவை ஈடுகட்டலாம், லாபம் பார்க்கக் கூடாது. நம் பக்கமும் இப்படி இரண்டே வரியில் ஒரு விதி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அடுத்தது இன்சூரன்ஸ். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். பணம் வாங்கிக்கொண்டு ஏற்றி, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார்கள். இன்னொன்று: மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருக்கும் காரில் உடன் வருபவருக்கு இழப்பீடு கிடைப்பது சிக்கல். முழுமையான பேக்கேஜ் பாலிசி இருந்தால்தான் மற்றவரை ஏற்ற வேண்டும். இது செயலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

அப்படியானால் பணம் வாங்காமல் எப்படி நடத்துவது? இதற்கு அமெரிக்கா போக வேண்டாம், நம் தோட்டத்துக்குப் போனால் போதும். உங்களில் பாதிப்பேருக்கு ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கம் காடு தோட்டம் இருந்திருக்கும். பங்குக் கிணறு தெரியுமல்லவா? நான்கு பங்காளிகளுக்கு ஒரு கிணறு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. யாரும் யாருக்கும் தண்ணீருக்குக் காசு கொடுப்பதில்லை. கணக்கு முறையில்தான். சண்டை வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிணறு ஓடியிருக்கிறது.

அதே முறையைக் காரில் வைப்போம். நாமக்கல் போகிற நான்கு பேர். முதல் வாரம் ஒருவர் கார், அடுத்த வாரம் இன்னொருவர் கார். பணம் கை மாறவே இல்லை. செயலி செய்ய வேண்டியது, யார் முறை, யார் வருகிறார், எத்தனை மணிக்கு என்று கணக்கு வைப்பது மட்டும்.

கணக்கு என்றதும் என் பழைய புத்தி வந்துவிடுகிறது. நாமக்கல்லுக்குப் போக வர சுமார் 110 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 730 ரூபாய். மாதம் 22 நாள் வேலை என்றால் 16,000 ரூபாய். டோல் தனி. நான்கு பேர் முறை வைத்தால் ஒருவருக்கு 4,000 ரூபாய். மாதம் 12,000 ரூபாய் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. மூன்று கார் வீட்டிலேயே நின்றால் ஒரு நாளைக்கு 50 கிலோ குறையும். இந்தக் கணக்கை என் ஒன்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, விடை என்ன என்று கேட்காதீர்கள்.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். முறை வைப்பது கார் இருப்பவர்களுக்குச் சரி. கார் இல்லாத அந்தப் பெண்ணுக்கு? சும்மா ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு நாள் வருவாள், மூன்றாம் நாள் கூச்சப்பட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். தன்மானம் உள்ள பிள்ளை அப்படித்தான் செய்யும். செலவில் பங்கு வாங்குவதுதான் அவளுக்கு மரியாதை. அது சட்டப்படி சரியா என்று எழுத்தில் பதில் வரும்வரை வாங்க முடியாது. அதனால்தான் அந்தக் கடிதத்தை முதல் வாரமே கொடுக்கச் சொல்கிறேன். அதுவரை, "அங்கிள் சும்மாதான் போறார்" என்று ஏறிக்கொள்ளும்படி நாம்தான் பழக வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் எழுந்த மற்றக் கவலைகளுக்கும் வருகிறேன்.

பெண்களின் பாதுகாப்பு. செயலியில் வீட்டு எண் சரிபார்த்த குடியிருப்போர் தவிர வேறு யாரும் சேர முடியாது. வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம், ஆனால் சங்கப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பெண்களோடு மட்டும் போகும் தேர்வு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும், பிறகு சேர்க்கிறோம் என்ற பேச்சே கூடாது. யார் காரில் யார் போகிறார் என்பது வீட்டில் ஒருவருக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும்.

ஊர்வாய். "அவர் காரில் இவர் போகிறாரே" என்று பேசுவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பேசுவார்கள். ஒரே காரில் நான்கு பேர் போனால் பேச்சு குறையும். நாற்பது கார் அப்படிப் போனால் பேச நேரம் இருக்காது.

நம் விவரங்கள். யார் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார் என்பது திருடனுக்கும் பயன்படுகிற தகவல். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. நம் ஒப்புதல் இல்லாமல் விவரத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. மாணவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்: மூன்று மாதம் முடிந்து நாம் தொடரவில்லை என்றாலும், மானியம் தீர்ந்து அவர்கள் மூடிவிட்டாலும், நம் விவரங்கள் அழிக்கப்படும். மானியம் தீர்ந்தபிறகு என்ன ஆகும் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். பிடித்திருந்தால், ஜிம்ரைட்டுக்குப் பல்கலைக்கழகங்கள் கொடுத்தது போலச் சங்கமே ஒரு சிறு கட்டணம் கொடுக்கலாமா என்று அப்போது பேசுவோம். இப்போது ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

காத்திருப்பு. இதுதான் உண்மையான எதிரி. என் அனுபவத்தில் சேர்ந்து போவதைக் கெடுப்பது திருட்டும் இல்லை, வம்பும் இல்லை. "ஒரே நிமிஷம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எட்டு நிமிஷம் கழித்து வருகிறவர்கள்தான். ஐந்து நிமிஷம் பார்க்கலாம், அதற்கு மேல் வண்டி கிளம்பும், கோபம் கிடையாது என்று விதியிலேயே எழுதிவிடுவோம்.

பஸ்ஸில் போகிறவர்களைக் காருக்கு இழுப்பதும் நம் நோக்கம் இல்லை. பஸ் வசதியாக இருப்பவர்கள் பஸ்ஸிலேயே போகட்டும். காலியாகப் போகிற கார் வீட்டில் நிற்க வேண்டும், பஸ்ஸே சரிப்படாமல் வேலையை விடுகிறவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே நான் முன்மொழிவது இது. மூன்று மாதம். நம் குடியிருப்புக்குள் மட்டும். நாமக்கல் வழி, கருப்பூர் – ஓமலூர் வழி, சங்ககிரி வழி என்று மூன்றே தடங்கள். முறை வைத்துப் போவது, பணப் பரிமாற்றம் இல்லை. பேக்கேஜ் பாலிசியும் உரிமமும் காட்டியவர் மட்டும் ஓட்டலாம். போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதம் முதல் வாரத்தில். மாதம் ஒரு தடவை மாணவர்கள் இங்கே வந்து, எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று சொல்ல வேண்டும். விட்டவர்கள் கணக்குதான் எனக்கு முக்கியம்.

மூன்று மாதத்தில் இது படுத்துவிடலாம். பத்துப் பேர் சேர்ந்து, நான்கு பேர் சண்டை போட்டு, கடைசியில் இருவர் மட்டும் மிஞ்சலாம். படுத்தாலும் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு அடுத்த முயற்சிக்கு ஒரு படிப்பினை. நமக்கு, பக்கத்து பிளாக்கில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்ற விவரமாவது மிஞ்சும். ஒன்பது வருஷத்தில் எனக்குத் தெரியாமல் போன விவரம் அது.

வருகிற திங்கட்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரை கேட்டில் செக்யூரிட்டி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். நீங்களும் வாருங்கள். வெளியே போகிற கார்களையும் உள்ளே இருக்கிற தலைகளையும் எண்ணுவோம். தீர்மானத்துக்குக் கை தூக்குவதா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறவர்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்காகவே வாக்கெடுப்பைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் இப்போது நாமக்கல் போவதில்லை. ஆனால் புதன்கிழமை காலை செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போகிறேன், போகிற வழியில் அரசு மருத்துவமனை. மாத்திரை வாங்கப் போகிற பெரியவர்கள் மூன்று பேர் வரலாம். பேக்கேஜ் பாலிசிதான், பார்த்துவிட்டேன். பத்து மணிக்குக் கிளம்புவேன், ஐந்து நிமிஷம் பார்ப்பேன்.

டீ ஆறிவிட்டது, மன்னிக்கவும்.